டாக்டர் பீஸைக் குறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு குறையுமா?

மன்னார்குடி வாசகர், 14 ஜூன் 2025

எங்கள் தெருப் பக்கத்தில் இருக்கிற பொது மருத்துவர் கொரோனாவுக்கு முன் 100 ரூபாய் வாங்கினார், இப்போது 300. சர்க்கரை டாக்டர் 400. தஞ்சாவூருக்குப் போனால் 600, 700. அப்பா, அம்மா இரண்டு பேரையும் மாசம் ஒருமுறை காட்டினால் குறுவைக்கு உரம் வாங்க வைத்திருந்த பணம் கரைந்துவிடுகிறது. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அரசாங்கம் கட்டணம் வைக்கிறது. டாக்டர் பீஸுக்கும் ஒரு உச்சவரம்பு வைத்தால் மருத்துவச் செலவு பாதியாகிவிடும் என்கிறேன். மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

14 ஜூன், இரவு

நான் மறுக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு நர்சிங் ஹோமில் முதலில் பில் கவுன்ட்டரிலும் அப்புறம் இன்சூரன்ஸ் மேசையிலும் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். பணம் எந்த வழியாக வந்து யார் யார் கைக்குப் போகிறது என்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

அண்ணே, அப்பாவின் போன மாசச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டாக்டருக்கு 400. சர்க்கரை, கிரியாட்டினின், கொழுப்பு, ஈசிஜி எல்லாம் சேர்த்து லேபுக்கு எவ்வளவு? மாத்திரைக்கு எவ்வளவு? போக வர வண்டிக்கு எவ்வளவு? டாக்டருக்குக் கொடுப்பதை நோட்டாக எண்ணிக் கொடுக்கிறோம், அதனால் மனசில் நிற்கிறது. மற்றது அட்டை அட்டையாகவும் ரசீது ரசீதாகவும் பிரிந்து போவதால் கூட்டிப் பார்ப்பதில்லை.

உள்நோயாளி பில்லில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டெங்கு காய்ச்சலுக்கு நாலு நாள் படுத்தவரின் பில்லை எடுங்கள். அறை வாடகை, நர்சிங் சார்ஜ், ட்ரிப் பாட்டில், ஊசி மருந்து, காலையும் மாலையும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், கையுறை, சிரிஞ்ச், பஞ்சு. கடைசிப் பக்கத்தில் ‘டாக்டர் விசிட்’ என்று ஒரு வரி. அந்த வரியை முழுசாக அடித்துவிட்டாலும் பில் பாதியாகாது, கால்வாசிகூடக் குறையாது.

15 ஜூன்

சீர்காழித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி: “அப்படியானால் டாக்டர்களுக்கு இவ்வளவு வருமானம் எங்கிருந்து வருகிறது?”

எல்லா டாக்டருக்கும் வருமானம் ஒன்றில்லை. எங்கள் நர்சிங் ஹோமிலேயே நாலு மாதிரி இருந்தார்கள். டியூட்டி டாக்டருக்கு மாசச் சம்பளம், ராத்திரி எத்தனை பேர் வந்தாலும் அதே சம்பளம்தான். விசிட்டிங் சர்ஜனுக்கு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று கணக்கு. மயக்க மருந்து டாக்டருக்கும் அப்படித்தான், தஞ்சாவூரிலிருந்து கார் எடுத்து வந்து ஒரே நாளில் மூன்று ஊரில் மூன்று ஆபரேஷன் தியேட்டர் பார்த்துவிட்டுப் போவார். நடத்துகிற பெரிய டாக்டருக்கு எல்லாச் செலவும் போக மிஞ்சுவதுதான். சில மாசம் மிஞ்சும், சில மாசம் ஆக்சிஜன் பாக்கிக்கே போதாது.

எங்களிடம் வந்த சர்ஜன்களில் சிலர் காலையில் அரசு மருத்துவமனையில் சம்பளத்துக்கு ஆபரேஷன் செய்கிறவர்கள். தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் பணி நேரம் போகத் தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம், விதியே அனுமதிக்கிறது. காலையில் குடலிறக்கத்துக்கு “மூணு மாசம் கழித்து வாங்க, இப்போ அவசரமில்லை” என்று சொன்ன அதே மனிதர், மாலையில் அதே மாதிரி நோயாளிக்கு வெள்ளிக்கிழமை தியேட்டர் போடச் சொல்வார். அவரை நான் குறை சொல்லவில்லை. காலையில் அவருக்கு வரிசை நீளம், பணம் நிலையானது. மாலையில் வரிசை கிடையாது, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பணம். ஆள் அதே ஆள்தான். பணம் எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் வேலை சாய்கிறது. இந்த உரையாடலில் நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

15 ஜூன், மாலை

ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்கேன் சென்டரிலிருந்து மாசம் முடிந்ததும் வருகிற கவர். நோயாளியை அனுப்பியதற்குப் பணம் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து நடத்தை விதிகளே சொல்கின்றன. இருந்தும் கவர் வருகிறது. எல்லோரும் வாங்குவதில்லை. ஒரு குழந்தை டாக்டர் கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பி, “இந்தப் பணத்தை என் சீட்டோடு வருகிறவர்களுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னது எனக்குத் தெரியும். அவர் சீட்டில் வந்தவர்களுக்கு உண்மையிலேயே குறைத்தார்கள்.

இப்போது உச்சவரம்பை யோசியுங்கள். 300 ரூபாயை 150 ஆக்கினால் கிளினிக் வாடகையும் கம்பவுண்டர் சம்பளமும் பாதியாகாது. பத்து நிமிஷம் பார்த்தவர் நாலு நிமிஷம் பார்ப்பார், இல்லையென்றால் கவரைத் திருப்பி அனுப்பியவர் இனி அனுப்பமாட்டார். நல்லவரையும் அந்தப் பக்கம் தள்ளுகிற ஏற்பாடு எனக்கு வேண்டாம்.

18 ஜூன்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர், “பேசுவதற்கும் பார்ப்பதற்கும் எதற்கு அவ்வளவு பணம், மருந்துக்குக் கொடுக்கலாம், மெஷினுக்குக் கொடுக்கலாம்” என்று எழுதியிருக்கிறார். இது டெல்டா முழுக்க இருக்கிற நினைப்பு, இதைத்தான் நான் உடைக்கப் பார்க்கிறேன்.

நாற்று நடவு நேரத்தில் எங்களுக்குப் பாம்புக்கடி கேஸ் வரும். ஒரு ராத்திரி வரப்பில் கடி வாங்கிய ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி விரியன் மாதிரி இருந்தது என்றார்கள், உறுதியில்லை. டியூட்டி டாக்டர் சின்னப் பையன், படிப்பு முடித்து வந்த புதிது. ஒரு சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். யாரும் தொடக் கூடாது என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணின் ஈறு, சிறுநீர், கடிவாயின் வீக்கம் எல்லாவற்றையும் பார்த்தார், வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதினார். இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறி மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் குழாய், மறுபடியும் இருபது நிமிஷம். விஷமுறி ஏறும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் பில் போட்டவள் நான். விஷமுறிக்கு ஒரு தொகை, அதுதான் பெரிது. அறைக்கு ஒரு தொகை. லேபுக்கு ஒரு தொகை. அந்த ராத்திரி முழுக்க நடந்த வேலைக்கு என்னிடம் இருந்த கட்டம் ‘டியூட்டி டாக்டர் – 1 நாள்’. காய்ச்சலுக்குப் படுத்து நிம்மதியாகத் தூங்கிய பக்கத்து அறைக்காரருக்கும் அதே கட்டம், அதே தொகை.

அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு விலை கிடையாது. உயிரைக் காப்பாற்றியதில் பாதி, எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று கூடவே இருந்து பார்த்ததுதான். அதற்குப் பணம் வரும் வழி நம் ஏற்பாட்டில் எங்குமே இல்லை. வழி இல்லாத வேலையை எத்தனை பேர், எத்தனை நாள் செய்வார்கள்?

21 ஜூன்

காப்பீடு பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து இதோடு சேர்ந்தது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்று ஆனது. 2022இல் புதுப்பித்தபோது திட்டத்தில் சேருவதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் எல்லோரும் ‘கலைஞர் அட்டை’ என்றுதான் சொல்வார்கள், பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

இந்தத் திட்டத்தில் பணம் வரும் விதம் வேறு. ஊசிக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று கிடையாது. ஒரு ஆபரேஷனுக்கு மொத்தமாக ஒரு தொகை, அதுதான் பேக்கேஜ். அதற்குள்தான் சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம்.

உதாரணத்துக்கு ஒரு பேக்கேஜ் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, தையல் நூல், ஆக்சிஜன் விலையை நாம் பேரம் பேச முடியாது. கரண்ட் பில்லையும் முடியாது. மயக்க டாக்டர் தன் தொகையை வாங்காமல் காரில் ஏறமாட்டார், ஏற வேண்டியதும் இல்லை. மிச்சம் இருப்பதில் சர்ஜனும் ஆஸ்பத்திரியும் பங்கு போட வேண்டும். தையல் பிரிந்து நோயாளி இரண்டு நாள் கூடுதலாகப் படுத்தால் அந்த மிச்சமும் போய்விடும். பணமும் உடனே வராது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு போட்டோ குறைந்தாலும் ‘விளக்கம் தேவை’ என்று திரும்பி வரும், நாங்கள் மறுபடியும் அனுப்புவோம். முப்பது படுக்கை வைத்திருக்கும் இடத்துக்கு இந்தத் தாமதம் பெரிய சுமை. முந்நூறு படுக்கை இருந்தால் தாங்கலாம். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் சின்ன நர்சிங் ஹோம்கள் ஒவ்வொன்றாக மூடியதற்கும், சிலது பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளின் கிளையாக மாறியதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குறுக்கு வழியும் இங்கிருந்துதான் வருகிறது. என் நாத்தனார் வீட்டுக்காரருக்குத் திருச்சிப் பக்கம் ஒரு இடத்தில் அட்டையின் பேரில் ஆபரேஷன். முதல் நாள் ராத்திரி, “நல்ல மெட்டீரியல் போட வேண்டுமென்றால் தனியாக 15,000 கட்டுங்கள்” என்றார்கள். ரசீது கிடையாது. அட்டைக்காரரிடம் ஒரு ரூபாய்கூடத் தனியாக வாங்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. தியேட்டர் உடுப்பு போட்டுப் படுத்திருக்கிறவரை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவார்கள்? கழுத்திலிருந்ததை அடகு வைத்துக் கட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

22 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் காப்பீட்டுத் திட்டமே வேண்டாமா?” என்று திருவாரூரிலிருந்து ஒரு டீச்சர் கேட்கிறார்கள்.

வேண்டும். கட்டாயம் வேண்டும். இதய ஆபரேஷனுக்கு நிலத்தை விற்றவர்களை 2009க்கு முன் எனக்குத் தெரியும். இன்றைக்கு அந்த ஆபரேஷனுக்கு நிலம் விற்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் அட்டையில் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சைக்கும் இந்தத் திட்டத்திலிருந்து பணம் போகிறது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தால் அந்தத் தொகையில் கருவி வாங்குகிறார்கள், ஒரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. சம்பளத்தின் மேல் வேலைக்கேற்ற ஒரு சின்னத் தொகை என்பது நல்ல கலவை.

நாடு முழுக்க நோயாளி தன் கையிலிருந்து போடும் பங்கு 2013–14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம். 2021–22இல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது. ஆனால் நூற்றுக்கு 39 என்பதும் கடன் வாங்க வைக்கிற அளவுதான்.

என் குறை வேறு இடத்தில். திட்டம் பெரும்பாலும் ஆளைப் படுக்கையில் படுக்க வைத்தால்தான் பணம் தருகிறது. மன்னார்குடி அண்ணனின் அப்பாவுக்கு மாசா மாசம் ஆகிற செலவுக்கு அட்டையில் ஒரு பைசா கிடையாது. சர்க்கரையைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் கிடைக்காத பணம், கால் அழுகி விரலை எடுக்கும்போது கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் வருகிற பெண் மழையிலும் வருகிறாள்.

29 ஜூன்

பேறுகாலம் பற்றிக் கேட்ட தங்கைக்கு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் இடங்களில் 63.8, அரசு இடங்களில் 36. இந்தியா முழுக்க 21.5தான்.

தனியாரில் கூடுதலாக இருப்பதற்குப் பணம்தான் காரணம் என்பார்கள். சிசேரியனுக்குப் பில் பெரிது, உண்மைதான். எனக்குத் தெரிந்தவரை டாக்டரை அசைப்பது நேரம். சுகப்பிரசவம் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்கு வலி எடுக்கும், காலை ஏழுக்குக் குழந்தை வரும், நடுவில் நாலு தடவை எழுந்து வந்து பார்க்க வேண்டும், காலை ஓபியில் (வெளிநோயாளிப் பிரிவில்) அறுபது பேர் காத்திருப்பார்கள். சிசேரியன் ஒரு மணி நேரம். காத்திருந்ததற்குக் கட்டணம் இல்லை, கத்தி எடுத்ததற்கு உண்டு. எங்கள் மேடம் ஒருவர் இரண்டுக்கும் ஒரே தொகை என்று வைத்திருந்தார். அவரிடம் சுகப்பிரசவம் அதிகம், உடம்பு கெட்டுச் சீக்கிரமே ஓய்ந்தும் போனார்.

29 ஜூன், பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு முடிச்சு இருக்கிறது, படுத்த பிறகு தோன்றியது. அரசு இடத்தில் சம்பளம்தான், ஆபரேஷனுக்குத் தனிப் பணம் என்று பெரிதாக இல்லை, அங்கும் 36 சதவீதம் ஏன்? ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சிக்கலான கேஸ்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றன, அது ஒன்று. ஏதாவது ஆனால் உறவினர்கள் கதவை உடைப்பார்கள் என்ற பயம் இன்னொன்று. ஜாதகம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வருகிற குடும்பங்களும் உண்டு, பில் கவுன்ட்டரில் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆக, பணம் போகும் வழி எல்லாவற்றையும் விளக்காது. 36க்கும் 63.8க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பெரும்பங்கை விளக்கும் என்று மட்டும் சொல்வேன்.

6 ஜூலை

ஆடி வரப்போகிறது, பேச்சு வேறு பக்கம் போனாலும் பரவாயில்லை. திருவையாற்றுப் பெரியவர் ஒருவர் பழைய வழக்கத்தை எழுதியிருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் வைத்தியருக்கு ஒவ்வொரு தடவையும் காசு கொடுப்பதில்லை. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் ஒரு பங்கு நெல். வருஷத்தில் பத்து தடவை கூப்பிட்டாலும் ஒரு தடவையும் கூப்பிடாவிட்டாலும் அதே நெல்தான். ஊர் நோயில்லாமல் இருந்தால் வைத்தியருக்கு நிம்மதி, ஊருக்கும் நிம்மதி. நெல் கொடுக்க முடியாத கூலிக்காரக் குடும்பத்தை அந்த வைத்தியர் எப்படிப் பார்த்தார் என்பதையும் பெரியவர் எழுதினால் நன்றாக இருக்கும். அந்தக் கணக்கு முழுசாக வேண்டும்.

சோழர் காலத்துக் கணக்கு ஒன்று கல்லிலேயே இருக்கிறது. குந்தவை தஞ்சாவூரில் ஆதுலர்சாலை (மருத்துவமனை) ஒன்றுக்கு மருத்துவக்காணி, அதாவது வைத்தியருக்கான நிலம், விட்டது நம் பக்கம் பலருக்குத் தெரியும். வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, ஊர் காஞ்சிபுரம் பக்கம், பதினோராம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கை உள்ள ஆதுலர்சாலையில் யாருக்கு எவ்வளவு கூலி என்று அது வரிசையாகச் சொல்கிறது. நாடி பார்த்து மருந்து சொல்லும் வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்கிறவருக்கு 30 கலம் நெல். பார்த்து, கேட்டு, யோசித்து மருந்து சொல்கிறவருக்கு அறுக்கிறவரைப் போல மூன்று மடங்கு!

இன்றைக்குத் தலைகீழ். பழையது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய அறுவையும் இன்றைய அறுவையும் ஒன்றாகாது. எந்த வேலைக்கு எவ்வளவு என்பது மனிதர்கள் உட்கார்ந்து வைத்த கணக்கு, அதனால் மனிதர்கள் மாற்றவும் முடியும். அதற்காகத்தான் சொன்னேன்.

9 ஜூலை

“எல்லா டாக்டரையும் சம்பளத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது” – பட்டுக்கோட்டைத் தம்பி.

புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு ஆஸ்பத்திரி ஜிப்மர் அப்படித்தான். தனியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படி. வேலூர் சிஎம்சியிலும் சம்பளம்தான். சீர்காழியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து ஜிப்மருக்குப் போகிறவர்கள், டாக்டர் தேவையில்லாமல் வெட்டமாட்டார் என்ற நம்பிக்கையோடு போகிறார்கள். அந்த நம்பிக்கை பெரிய சொத்து.

ஆனால் சம்பளம் போதாமல் இருந்தாலோ ஆள் போதாமல் இருந்தாலோ இந்த ஏற்பாடு நோயாளியின் நேரத்தைத் தின்றுவிடும். ஓபியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் கூலி போய்விடும், கூட வருகிறவரின் கூலியும் போய்விடும். 2019 அக்டோபர் கடைசியில் தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டதில் முக்கியமானது காலமுறை ஊதிய உயர்வு, மத்திய அரசு டாக்டர்களுக்கு இணையான சம்பளம். அப்போது எங்கள் நர்சிங் ஹோமில் உட்கார்ந்து “இவர்களுக்கு என்ன குறை” என்று பேசியவர்கள் பலர். அரசு டாக்டர்கள் மாலையில் தனியாகப் பார்ப்பதை விட்டுவிட வேண்டுமென்றால் பகல் சம்பளம் அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டாமா?

20 ஜூலை

வெளிநாட்டுக் கணக்கு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

இங்கிலாந்தில் குடும்ப டாக்டருக்குத் தன் பட்டியலில் பதிந்த ஆளுக்கு இவ்வளவு என்று வருகிறது. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியதிலிருந்து அடிப்படை அதுதான். 2004இல் பிரஷர், சர்க்கரை எல்லாம் கட்டுக்குள் இருந்தால் கூடுதல் பணம் என்று சேர்த்தார்கள். தலைக்கு இவ்வளவு என்றால் தேவையில்லாத வேலை குறையும், ஆனால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பது கூடும்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 1983இல் ஆஸ்பத்திரிகளுக்கு நோய்வாரியாக மொத்தத் தொகை தர ஆரம்பித்தது. நம் பேக்கேஜுக்கு மூத்தது அது. நோயாளிகள் படுத்திருக்கும் நாள் குறைந்தது. 1992இலிருந்து டாக்டரின் ஒவ்வொரு வேலைக்கும் உழைப்பைப் பார்த்துப் புள்ளி போட்டுப் பணம் தருகிறார்கள். உட்கார்ந்து யோசிக்கிற டாக்டருக்கு நியாயம் செய்யத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். இன்றும் குழாய் விட்டுப் பார்க்கிறவர்தான் அங்கே அதிகம் சம்பாதிக்கிறார்.

எனக்குப் பிடித்தது தாய்லாந்து. 2001–02இல் எல்லோருக்கும் மருத்துவம் என்று தொடங்கினார்கள், நோயாளி 30 பாட் கொடுத்தால் போதும். ஓபிக்கு ஊரில் இருக்கும் ஆள் கணக்கில் பணம், உள்நோயாளிக்கு நோய்வாரியாகத் தொகை, அதற்கும் மேலே மொத்த வரம்பு. அதே நாட்டில் அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம், அதில் ஓபிக்கு ஆன செலவைக் கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஆகும் செலவு அந்தத் திட்டத்தில் பல மடங்கு. ஒரே நாடு, ஒரே மாதிரி டாக்டர்கள், பணம் வரும் வழிதான் வேறு.

3 ஆகஸ்ட்

மன்னார்குடி அண்ணன் மறுபடியும் வந்திருக்கிறார்: “இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு உள்ளே வைக்கிற ஸ்டென்ட்டுக்கு வரம்பு வைத்தார்களே, விலை குறையவில்லையா?”

குறைந்தது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600, சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் விற்றவை உண்டு. அது நல்ல காரியம், நான் கைதட்டினேன். பொருளுக்கு வரம்பு வைக்கலாம். ஸ்டென்ட் ஒரு பொருள், தரம் பார்க்கலாம், எண்ணலாம், நாலு நிமிஷத்தில் செய்து முடித்த ஸ்டென்ட் என்று ஒன்று கிடையாது. டாக்டரின் நேரம் அப்படியில்லை, விலையைக் குறைத்தால் சரக்கே சுருங்கும்.

ஸ்டென்ட்டிலும் ஒன்று கவனித்தேன். அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் கொண்டுவந்து காட்டிய சில பில்களில் ஸ்டென்ட் வரி இளைத்திருந்தது, பலூன், கத்தீட்டர், கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் அறை) கட்டணம் எல்லாம் தடித்திருந்தன. மொத்தத் தொகை நாம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை.

17 ஆகஸ்ட்

தனியார் பாலிசி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் சர்ஜன் பீஸ் அறையைப் பொறுத்து மாறும். ஜெனரல் வார்டில் ஒரு தொகை, ஏசி தனி அறையில் அதே சர்ஜன், அதே ஆபரேஷன், அதே தியேட்டர், தொகை மட்டும் கூடுதல். உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து நீங்கள் அதற்கு மேல் அறை எடுத்தால், கம்பெனி வாடகையை மட்டும் குறைக்காது. டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைக்கும். 3,000 ரூபாய் வரம்பு உள்ளவர் 6,000 ரூபாய் அறை எடுத்தால் டாக்டர் பீஸிலும் பாதி நம் தலையில். மருந்து, உள்ளே வைக்கும் கருவி, லேப் இவற்றில் அப்படிக் குறைக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, அதே ஆணையத்தின் 2024 மே மாசச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (கையிலிருந்து பணம் கட்டாத சிகிச்சை) அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

7 செப்டம்பர்

தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட முடிவு செய்திருக்கிறார்கள், 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து. பிரீமியம் இறங்கினால் நல்லது. டாக்டருக்குப் பணம் போகும் வழி இதனால் மாறப்போவதில்லை.

என்னை யாராவது கேட்டால் நான் கேட்பது ஒன்றுதான். காப்பீட்டு அட்டையில் ஓபியையும் சேருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு டாக்டர் என்று பதிந்து, ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு தொகையை அந்த டாக்டருக்குக் கொடுங்கள், அரசு டாக்டரோ சின்ன கிளினிக் டாக்டரோ. மாத்திரை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிற விலையில் கிடைக்கட்டும். 1994இல் தொடங்கிய அது அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்குகிறது, அந்த விலைக்கும் கடை விலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் கண் கலங்கும். ஆபரேஷன் பேக்கேஜில் மயக்க டாக்டருக்கும் சர்ஜனுக்கும் இவ்வளவு என்று தனியாகப் பிரித்துப் போடுங்கள், தனியாக 15,000 கேட்கிற வேலைக்கு அப்போது சாக்கு இருக்காது. திருவாரூர் டீச்சர் இதை மனுவாக எழுதித் தருகிறேன் என்கிறார்கள். எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

11 செப்டம்பர்

வலங்கைமான் தங்கை மாமனாருக்குக் குடலிறக்கம் என்று கேட்டிருக்கிறாள். சம்பா நடவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் காத்திருக்கலாம், ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் வலி எடுத்தாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அட்டை இருக்கிறதா என்று முதலில் பார். இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போ. கும்பகோணம் அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டு, மயக்க டாக்டர் எந்தெந்தக் கிழமை இருக்கிறார் என்று கேள். தனியாருக்குப் போவதானால் அட்டையை ஏற்கிறார்களா, உள்ளே வைக்கும் வலை பேக்கேஜுக்குள் வருகிறதா என்ற இரண்டையும் அட்மிஷனுக்கு முன்பே, பகல் நேரத்தில், இன்சூரன்ஸ் மேசையில் இருப்பவரிடம் கேள். தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேள். ரசீது தரமாட்டேன் என்றால் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு அங்கிருந்தே போன் போடு. ஆபரேஷன் தேதி தெரிந்ததும் இங்கே எழுது, பேக்கேஜ் தொகையைப் பார்த்துச் சொல்கிறேன்.